விழா முடியும்வரை இளைக்கட்டும்

"ஏம்மா, உனக்கு வாய்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா, இல்ல மூக்குக்குக் கீழ இடம் காலியா இருக்கேன்னு யாராச்சும் வரைஞ்சு விட்டாங்களா?"

தையல் கம்பெனி சூப்பர்வைசர் ஒருநாள் எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்து இப்படிக் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அரைநாள் லீவு கேட்பதற்காக அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றவள், எப்படி ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே நின்றதில் அந்த அரைநாளே முடிந்துபோயிருந்தது.  தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிற தன் இடத்துக்குப் போய், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பங்குப் பேச்சையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்தவள் மகள். நாலு வயசு. தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பேர். காலையில் கண் திறந்ததும் ஆரம்பித்தால் இரவு தூங்குகிறவரை ஒலிபரப்பு நிற்காது. எதிர்வீட்டுப் பூனை யாரோடு சண்டை போட்டது, அப்பாவின் லாரிக்கு ஏன் இத்தனை சக்கரம், தண்ணீர்க்காரர் மீசை ஏன் ஒரு பக்கம் மட்டும் நரைத்திருக்கிறது, எல்லாம் வரும். அம்மாவைக்கூட எல்லாரும் 'ரேடியோம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். பேசாதவளுக்கு அந்தப் பேர் வந்தது பற்றி அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. யாராவது ஏதாவது கேட்டால் பதிலை ரேடியோ சொல்லிவிடும்.

அன்றைக்கு விடிந்தும் ரேடியோ பேசவில்லை.

முதலில் சளிதான். அதற்கு முந்தின வாரமே மூச்சு நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். குழந்தைகளின் மூச்சுக்கென்றே கட்டிய பெரிய ஆஸ்பத்திரி அது. வாசலிலேயே மறித்து, "சும்மா மூக்கு ஒழுகுது, இதுக்கெல்லாமா வருவாங்க? இளைப்பு வந்தா வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது சொன்ன சொல் தவறாமல் இளைப்பு வந்திருந்தது. ஒவ்வொரு மூச்சும் வெளியே வரும்போது குருவிக் குஞ்சு மாதிரி கீச்சென்றது. விலாவுக்குக் கீழே வயிறு குழிவிழுந்து குழிவிழுந்து எழுந்தது.

"அம்மா... தண்ணி..." என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சொல்ல மூச்சுக்குக் காத்திருந்தது குழந்தை. "தண்ணி... வேணாம்."

ஸ்டேஷன் சரியாக விழாத ரேடியோ அது.  லாரியோடு வெளியூர் போயிருந்த புருஷனுக்குப் போன் போட்டாள். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு. அங்க போய்ச் சுவரோட சுவரா நிக்காத. வாயத் தொறந்து பேசு, என்ன?" என்றான் அவன். அவள் தலையை ஆட்டினாள். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தெருமுனை கிளினிக் பூட்டியிருந்தது. கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'குழந்தைகளின் இளைப்பைக் கண்டறிவது எப்படி என்ற பயிற்சி விழாவுக்காக டாக்டர் மூச்சு நிலையம் சென்றுள்ளார். நோயாளிகள் மன்னிக்கவும்.' பக்கத்துத் தெரு டாக்டர் கதவிலும் அதே அட்டை. ஊரில் இளைப்பைப் பார்க்கக்கூடிய அத்தனை பேரும் அதைப் பார்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளப் போயிருந்தார்கள். ஒரே நல்ல விஷயம், எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். அவள் ஆட்டோ பிடித்தாள்.

மூச்சு நிலைய வாசலில் வளைவு கட்டியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில்: 'அறிவோம்! தடுப்போம்! தீர்ப்போம்!' காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னைக்கு விழாம்மா. நோயாளிங்கள உள்ள விடுறதில்ல. விழாவுக்கு எடஞ்சலா இருக்கும்."

அவள் வாயைத் திறந்தாள்.  அவள் தோளில் கிடந்த ரேடியோதான் கீச்சென்றது. காவலாளியின் முகம் மாறிவிட்டது.

"இளைப்பா? நிஜ இளைப்பா? ஐயோ, இத முன்னாலயே சொல்லக்கூடாதா? காலையில இருந்து தேடிட்டு இருக்காங்க!" அவர் சல்யூட்டே வைத்துவிட்டார். "வாங்கம்மா, வாங்க. பார்த்து, படி."

உள்ளே அவளுக்குக் கிடைத்த வரவேற்பு, கல்யாணத்தன்றுகூடக் கிடைக்காதது. ஒருவர் பையை வாங்கிக்கொண்டார். ஒருவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அவள் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

அறியும் பிரிவின் தலைமை டாக்டர் வழுக்கைத் தலையும் மெல்லிய விரல்களுமாக இருந்தார். ஸ்டெதஸ்கோப்பைக் குழந்தையின் முதுகில் வைத்துக் கண்ணை மூடினார். தலை தானாக ஆட ஆரம்பித்தது.

"அடடா... அடடாடா! என்ன சுத்தம், என்ன சுத்தம்! இங்க வாங்கய்யா எல்லாரும்."

வெள்ளைக்கோட்டுக்காரர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒருவர் கேட்டு முடித்துவிட்டு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

"வேக மூச்சு இருக்கா? இருக்கு. மூக்கு விடைக்குதா? விடைக்குது. விலாவுக்குக் கீழ குழி விழுதா? பாருங்க, எப்படி விழுது! ஒரு வாக்கியத்த முழுசாச் சொல்ல முடியல, பார்த்தீங்களா? புஸ்தகத்துல போட்டிருக்கிற எல்லாமே இருக்கு. ஒண்ணக்கூட விடல இந்தப் பொண்ணு." டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பி, "நல்லா வளர்த்திருக்கீங்கம்மா" என்றார்.

ரேடியோவின் கவுனில் பச்சை ரிப்பன் ஒன்றைக் குத்தினார்கள். 'அறியப்பட்டது' என்று அதில் அச்சடித்திருந்தது.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். இரண்டு மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மருந்து..."

"மருந்தா?" டாக்டர் பதறிப்போனார். "என்னம்மா நீங்க, மருந்து குடுத்தா போயிடுமே!"

அவள் விழித்தாள்.

"மத்தியானம் விழா. வெளியூர்ல இருந்தெல்லாம் ஆளுங்க வந்திருக்காங்க. போன வருஷம் இதே மாதிரி ஒரு பையன். எவனோ ஒரு சின்ன டாக்டர் அவசரப்பட்டு மருந்தக் குடுத்துட்டான். மேடைக்கு வர்றப்ப பையன் சிரிச்சுக்கிட்டே ஓடி வர்றான். மானமே போச்சு எங்களுக்கு. விழா முடியிற வரைக்கும் இது இருக்கட்டும். நீங்க பயப்படாதீங்க, நாங்க பக்கத்துலயேதான் இருக்கோம். வேணும்னா மறுபடியும் கேட்டுப் பார்க்கிறோம்."

அவள் தலையை வேகமாக ஆட்டினாள், மாட்டேன் என்று. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சுவரில் போட்டிருந்த அம்புக்குறியைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே தீர்க்கும் பிரிவுக்கு நடந்தாள். கண்ணாடிக் கதவில் ஒருவர் மறித்தார்.

"தடுக்கும் பிரிவுக்குப் போயிட்டு வந்தீங்களா? இல்லையா? பின்ன எப்படி? வாசல்ல எழுதியிருக்கே, பார்க்கலையா? அறிவோம், தடுப்போம், அப்புறம்தான் தீர்ப்போம். தடுக்காத நோய நாங்க எப்படித் தீர்க்கிறது? வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

தடுக்கும் பிரிவு மாடியில் இருந்தது. ஒவ்வொரு படிக்கும் குழந்தையின் மூச்சு அவள் காதோரம் கீச்சிட்டது. விழாவுக்காகப் புதுசாய்ப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நெடி கண்ணைக் கரித்தது. நீளமான கூடம், வரிசையாக நாற்காலிகள். ஒருத்தர்கூட இல்லை. கோடியில் அதிகாரி ஒருவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் இரண்டு பேர் சிவப்புக் கம்பளத்தைத் தொங்கவிட்டுத் தடியால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தீங்களா, ஒரு ஈ காக்கா இல்ல" என்றார் அதிகாரி பெருமையாக. "அதான் எங்க சாதனை. கீழ இருக்கிறவங்க இத்தன பேரப் பார்த்தோம், அத்தன பேரப் பார்த்தோம்னு தம்பட்டம் அடிப்பாங்க. எங்க பிரிவுக்கு இதுவரைக்கும் ஒரு நோயாளிகூட வந்ததில்ல. அந்த அளவுக்குத் தடுத்து வெச்சிருக்கோம்."

கம்பளத்திலிருந்து தூசி குப்பென்று உள்ளே வந்தது. ரேடியோ இருமியது. இருமி முடிக்க மூச்சில்லாமல் பாதியில் நின்றது.

"இதான், இதான்!" அதிகாரி விரலை ஆட்டினார். "தூசி ஆகாது. புகை ஆகாது. வீட்டுல யாராச்சும் பீடி சிகரெட் பிடிச்சா வாசலுக்கு அனுப்பிடணும். கையச் சோப்புப் போட்டுக் கழுவணும். தடுப்பூசிய விடக்கூடாது. ஜன்னலத் தொறந்து வெச்சு நல்ல காத்து வாங்கணும்." எழுந்து போய் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். தூசியும் இன்னும் கொஞ்சம் வந்தது. "சரி, இது எப்ப வந்துச்சு?"

"நேத்து ராத்திரி" என்றாள் அவள், யாருக்கும் கேட்காத குரலில்.

"அப்ப நீங்க போன வாரமே வந்திருக்கணும்."

"வந்தேன்."

"அப்ப இளைப்பு இருந்துச்சா?"

"இல்ல."

"இல்லாம எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கேள்வியின் அழகை ரசிப்பவர் மாதிரி சாய்ந்துகொண்டார். "வராதவங்கதான்மா எங்க பொறுப்பு. வந்தவங்கள நாங்க தொடுறதில்ல. வந்துட்டா அது தடுக்கும் பிரிவுக்குத் தோல்வின்னு ஆயிடும் பாருங்க."

ஆனாலும் நல்ல மனுஷர். நீல ரிப்பன் ஒன்றை எடுத்துக் குத்திவிட்டார். 'தடுக்கப்பட்டது.'

இரண்டு ரிப்பன்களோடு தீர்க்கும் பிரிவுக்கு வந்தார்கள். இந்தத் தடவை கண்ணாடிக் கதவு திறந்தது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நடுவில் ஒரே ஒரு கட்டில், வெள்ளை விரிப்பு, தலைமாட்டில் ஆக்சிஜன். கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருந்தது. குழந்தை அளவு, கழுத்துவரை போர்வை.

வெள்ளை உடுப்பில் நர்ஸ் ஒருத்தி அதன் முகத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். குழந்தையைப் பார்த்ததும் பஞ்சைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஐயையோ, என்னம்மா இப்படி வாங்குது! உக்காருங்க, உக்காருங்க. படுக்க வெக்காதீங்க, மடியில நிமிர்த்தி வெச்சுக்கோங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "கட்டில் இன்னைக்குப் பொம்மைக்குத்தான். மேடையில செய்முறை இருக்கு. மருந்து அலமாரியப் பூட்டி நிலையத்து டைரக்டர் சாவிய வெச்சுக்கிட்டாரு. வெளியில இருக்கிறது இது ஒண்ணுதான், இதுவும் மேடைக்கு."

நர்ஸின் கையில் மருந்துப் பம்ப்பும், அதைச் செருகுகிற பிளாஸ்டிக் குழலும், குழலின் முனையில் சின்ன மாஸ்க்கும் இருந்தன. அம்மா அதையே பார்த்தாள்.

"என்ன அப்படிப் பார்க்காதீங்கக்கா. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. வேல போயிடும்." நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, மேடைக்கு ஒத்திகை பார்ப்பவள் போல, பொம்மைக்கு முன்னால் நின்று, ஆனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல ஆரம்பித்தாள். "முதல்ல பம்ப்ப நல்லாக் குலுக்கணும். குழல்ல செருகணும். மாஸ்க்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடணும், இடைவெளி இருக்கக்கூடாது. ஒரு தடவ அமுக்கணும். பிள்ளை நாலஞ்சு மூச்சு நிதானமா இழுக்கிற வரைக்கும் மாஸ்க்க எடுக்கக்கூடாது. அப்புறம் மறுபடியும் குலுக்கி, இன்னொன்னு."

அவள் ஒரு தடவை சொன்னாள். பிறகு கேட்பார் யாருமில்லாமலே இன்னொரு தடவையும் சொன்னாள்.

அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. பொம்மையைத் தள்ளுவண்டியில் வைத்து ஓட்டிப்போனார்கள். ரேடியோவும் அம்மாவும் பின்னால் நடந்தார்கள்.

விழா மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் போனில் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் வரிசை ஓரத்தில் தெருமுனை கிளினிக் டாக்டர், மடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். அம்மாவையும் குழந்தையையும் மேடையில் பொம்மைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

விளக்கு அணைந்தது. 'புகையிலிருந்து குழந்தைகளைக் காப்போம்' என்று திரையில் எழுத்து விழுந்தது. அதற்குப் பொருத்தமாக மேடையின் இரண்டு பக்கமும் மெஷின்கள் வெள்ளைப் புகையைக் கக்கின. புகையைக் கிழித்துக்கொண்டு டைரக்டர் தோன்றினார். கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் நாலு பேர் இருமினார்கள். ரேடியோவின் தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் காதைத் தொடுகிற மாதிரி ஏறின. அம்மா தன் முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடப் போனாள்.

"முகத்த மறைக்காதீங்கம்மா, பின்வரிசைக்குத் தெரியணும்" என்றார் வழுக்கை டாக்டர்.

டைரக்டர் பேசினார்.

"பெரியோர்களே! இந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து, நாங்கள் கண்டறிந்த எந்தக் குழந்தையும் கண்டறியப்படாமல் போனதில்லை! எங்களிடம் நோயாளிகள் இல்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். நோயாளிகள் வந்தால் ஆஸ்பத்திரி அழுக்காகிவிடும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. சிகிச்சை முக்கியமா, சிகிச்சையைப் பற்றிய விழிப்புணர்வு முக்கியமா? சிகிச்சை ஒரு குழந்தைக்குத்தான் போகும். விழிப்புணர்வு எல்லாருக்கும் போகும்! ஆகவே நாங்கள் சிகிச்சைக்கு வைத்திருந்த பணத்தையும் விழிப்புணர்வுக்கே மாற்றிவிட்டோம். இந்த மேடை அதில் வந்ததுதான். இந்தப் புகையும் அதில் வந்ததுதான்!"

கைதட்டல். வழுக்கை டாக்டர் மைக்கை எடுத்து ரேடியோவின் நெஞ்சில் வைத்தார். கீச் என்ற சத்தம் ஒலிபெருக்கிகளில் ஏறி மண்டபத்தின் மூலை முடுக்கெல்லாம் போய்த் திரும்பியது. கூட்டம் மெய்மறந்து கேட்டது. யாரோ "இன்னொரு தடவ!" என்று கத்தினார்கள். டாக்டர் குச்சியால் விலாவைத் தொட்டுக் காட்டினார்.

"குழி விழுவதைக் கவனியுங்கள். இந்த நிலையில் ஒரு குழந்தை இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. இதை நாம் இன்னும் அரைமணி நேரம் விரிவாகப் பார்க்கலாம்."

ரேடியோ அம்மாவை நிமிர்ந்து பார்த்தது. "அம்மா" என்று சொல்ல வாயைத் திறந்து, 'அ'வோடு நிறுத்திக்கொண்டது. கண் செருகுகிற மாதிரி இருந்தது.

"இப்போது சிகிச்சை!" என்றார் டைரக்டர். நர்ஸ் பம்ப்பைக் குலுக்கினாள். குழலில் செருகினாள். மாஸ்க்கைப் பொம்மையின் முகத்தில் வைத்து அமுக்கினாள். புஸ் என்றது. மருந்து ரப்பர் மூக்கில் போய் முட்டி நின்றது.

"குழந்தை தேறிவிட்டது!" என்று டைரக்டர் அறிவித்தார். பொம்மைக்குக் கைதட்டல் எழுந்தது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் ரேடியோம்மா எழுந்தாள். மகளை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்தாள். பொம்மையின் முகத்திலிருந்து மாஸ்க்கைப் பிடித்து இழுத்தாள். நர்ஸின் விரல்கள் பிடித்திருந்த மாதிரிதான் இருந்தன. ஆனால் குழல் சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. அம்மா குலுக்கினாள். மகளின் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடினாள். அமுக்கினாள். மூச்சுகளுக்குக் காத்திருந்தாள். மறுபடி குலுக்கினாள்.

அதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று கூட்டம் நினைத்தது. சிலர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். டைரக்டர் மேடை நாகரிகம் கருதிப் புன்னகை மாறாமலே, பல்லைக் கடித்துக்கொண்டு, "யாருய்யா இத ஏற்பாடு பண்ணது?" என்று கேட்டார். நர்ஸ் பொம்மையின் போர்வையைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தாள்.

சிறப்பு விருந்தினர் அப்போதுதான் போனை வைத்தார். "எங்க, அந்தச் சத்தத்த நான் சரியாக் கேக்கலையே" என்று மேடையேறி வந்தார். மைக்கைக் குழந்தையின் நெஞ்சில் வைத்தார்கள். ஒலிபெருக்கியில் சும்மா காற்றுத்தான் போய் வந்தது. ரொம்ப உற்றுக் கேட்டால் கடைசியில் லேசாக ஒரு கீச்.

"எங்கய்யா?" என்றார் விருந்தினர்.

"இருந்துச்சுங்க. இப்பத்தான் இருந்துச்சு" என்றார் டைரக்டர். அம்மாவின் பக்கம் குனிந்து, "என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? நாங்க கண்டுபிடிச்சத இப்படிக் கலைச்சு விட்டா எப்படி?" என்று சீறினார். வழுக்கை டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, "போயிட்டே இருக்கு சார்" என்றார்.

ஆனால் டைரக்டர் அந்தப் பதவிக்குச் சும்மா வந்தவர் அல்ல. ஒரு நொடியில் நிமிர்ந்தார். "பெரியோர்களே! அறிந்தோம், தடுத்தோம், இதோ உங்கள் கண் முன்னால் தீர்த்தும் விட்டோம்!" மண்டபம் அதிர்ந்தது. அவரே சிவப்பு ரிப்பனை எடுத்து ரேடியோவுக்குக் குத்தினார். மைக்கை அம்மாவிடம் நீட்டினார். "நம்ம நிலையத்தப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா."

 அவளுக்கு நெஞ்சில் எத்தனையோ இருந்தது. போன வாரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். கம்பளத் தூசியிலிருந்து ஆரம்பிக்கலாம். ரப்பர் மூக்கில் போன அந்த ஒரு புஸ்ஸிலிருந்தும் ஆரம்பிக்கலாம். எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தபடி நின்றாள். வாய் வரைந்த மாதிரியே இருந்தது.

நாற்காலியிலிருந்து ரேடியோ மைக்கை எட்டிப் பிடித்தது.

"அம்மா அந்தத் தெருமுனை டாக்டர் மாமா பொட்டலத்தப் பிரிக்காமலே வெச்சிருக்காரு பாரு எனக்கும் பசிக்குது நாம வீட்டுக்குப் போலாமா?"

இடையில் மூச்சு வாங்கவே இல்லை. மண்டபம் சிரித்தது. அம்மா மட்டும் அந்த வாக்கியத்தைத் தலையிலிருந்து வால்வரை மனசுக்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். எங்கும் அறுபடவில்லை. ஆனால் 'போலாமா'வுக்குப் பின்னால் அந்த லேசான கீச் இன்னும் இருந்தது. அது அவளுக்குக் கேட்டது.

குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். பம்ப்பையும் குழலையும் கையிலேயே வைத்துக்கொண்டாள். மேடையை விட்டு இறங்கினாள். வாசலுக்குப் போகவில்லை. இரண்டாம் வரிசைக்குப் போய், கிளினிக் டாக்டருக்கு முன்னால் நின்றாள்.

சூப்பர்வைசர் மேசைக்கு முன்னால் நின்ற மாதிரியே நின்றாள்.  சும்மா நின்றாள்.

"உக்காரும்மா, பின்னால மறைக்குது" என்று யாரோ அதட்டினார்கள். மேடையில் டைரக்டர் அடுத்த வருஷத் திட்டங்களை வாசிக்க ஆரம்பித்தார். அவள் நகரவில்லை. டாக்டர் பொட்டலத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். குழந்தையின் விலாவைப் பார்த்தார். கவுனில் வரிசையாகக் குத்தியிருந்த பச்சையையும் நீலத்தையும் சிவப்பையும் பார்த்தார். கடைசியில் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

பொட்டலத்தை ரேடியோவின் கையில் கொடுத்தார். சட்டைப்பையில் கைவிட்டு கிளினிக் சாவியைத் தேடி எடுத்தார். "டாக்டர், சான்றிதழ் வாங்காமப் போறீங்களே!" என்று மேடையிலிருந்து குரல் வந்தது. அவர் திரும்பவில்லை. எழுந்து, கம்பளத்தின் மேல் தலைகுனிந்தபடி வெளியே நடந்தார்.